எழுநூற்றுப் பதிமூன்றுக்கு ஓர் அர்ச்சனை

பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ஒரு தாள். இங்கிலீசில் ஏதோ நாலு வரி, நடுவில் 713 என்று ஒரு நெம்பர், அதன் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. திருச்செங்கோட்டில் என் பட்டறைக்கு போர்வெல் ரிக் வண்டி வாங்க வந்த சீனர் அதைச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்திருந்தார். கடல் தாண்டி ஒரு கரும்புத் தீவிலே பிறந்து வளர்ந்தவர். என் வயதுதான் இருக்கும்.

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். ரிக்கில் பைப்பு தூக்கிக் காய்த்த கை இது. இன்றைக்கு நான் கட்டி அனுப்பிய வண்டி பத்துத் தேசத்தில் ஓட்டை போடுகிறது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் என் பெயர் இருக்கும். முதல் பூசையும் என் பெயருக்குத்தான். கைராசி அப்படி. அதுவரை யாரும் மறுத்ததில்லை.

அன்று காலை பட்டறைப் பிள்ளையார் முன்னால் வண்டியை நிறுத்தி மாலை போட்டாயிற்று. "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார் பூசாரி. சீனர் அந்தத் தாளை நீட்டினார். பூசாரி முழித்தார். "ஏனுங்க மொதலாளி, நெம்பருக்கு எப்பிடிங்க அர்ச்சனை பண்றது? லாரி நெம்பருங்களா?" நான் சத்தமாகச் சிரித்தேன். "அதை உடுங்க சாமி. எப்பவும்போல எம்பேருக்கே பண்ணுங்க." மணி அடித்தது, தேங்காய் உடைந்தது. சீனர் நீட்டிய கையை மடக்கவே இல்லை.

ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் என் மருமகள்தான் அவரிடம் இங்கிலீசில் விசாரித்துவிட்டு வந்தாள். "மாமா, அது அவுங்க பூட்டனுங்க, தாத்தாவோட அப்பா. பஞ்சத்துல சீனாவுல இருந்து கப்பலேறி ஒப்பந்தக் கூலியாப் போனவரு. தோட்டத்துல பேரு சொல்லிக் கூப்புடவே இல்லீங்களாம். கழுத்துல தகரத்துல இந்த நெம்பருதான். மகன் தவழறப்பவே அவரும் சம்சாரமும் செத்துட்டாங்க, அதனால ஊட்டுலயும் யாருக்கும் பேரு தெரியாதுங்க. அவரு கரும்பு வெட்டுன காட்டுலதான் இந்த வண்டி மொதல்ல ஓடப்போவுதாம்."

பூசாரி குரலை இறக்கினார். "பேரு தெரியாட்டி சாமி பேருக்கே பண்ணிரலாங்க. வழக்கந்தான்." மருமகள் சொல்லக் கேட்டுச் சீனர் தலையை ஆட்டி மறுத்தார். கூப்பிட்டால் அந்த மனுசர் திரும்பிப் பார்த்தது இந்த நெம்பருக்குத்தான், வேறு எதைச் சொன்னாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது என்றாராம்.

நான் பூசாரி பக்கம் திரும்பினேன். "இன்னொரு தேங்கா எடுங்க" என்றேன். மந்திரத்துக்கு நடுவில் பூசாரி கண்ணை மூடி, "எழுநூத்திப் பதிமூணு" என்று சொன்னபோது, தன்னையே யாரோ கூப்பிட்டதுபோல் சீனர் நிமிர்ந்து நின்றார்.

வண்டி துறைமுகத்துக்குக் கிளம்பிய பிறகு மருமகளை உட்காரவைத்து, "நம்ம பெரியவங்க பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுது கண்ணு" என்றேன். அப்பன் பெயரைச் சொன்னேன். தாத்தன் பெயரைச் சொன்னேன். "அவருக்கு அப்பாங்க, மாமா?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்.

வருசம் பல ஆயிற்று. அந்த வரி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. எழுத ஒரு நெம்பர்கூட என்னிடம் இல்லை.