ஒற்றைக் காலுக்குப் பார்த்த படகு

படகு வாங்கலாம் என்று முதலில் சொன்னவன் லோரிக்காரன். அப்போது அவனுக்கு ஒரு கால் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நாங்கள் மூன்று பேரும் வட சிலாங்கூரில் ஒரே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். லயங்களை இடித்தபிறகு ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் போய் விழுந்தோம். ஒருவன் லோரி ஓட்டினான். இன்னொருவன் தஞ்சோங் காராங்கில் ஏர்கோன் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் கடை வைத்தான். நான் கிள்ளானில் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் உடைசல்களை ஒட்டும் வேலை செய்து, ஓய்வுக்குப் பிறகு கோலசிலாங்கூருக்கே திரும்பி வந்தேன்.

லோரிக்காரனுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போன அன்று வீட்டு முன்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோரியில ஒக்காந்தா ரோடு முன்னாடி வந்துகிட்டே இருக்கும்டா. இங்க ஒன்னும் வரமாட்டுது," என்றான்.

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"நீ பட்டறையில இருந்தவன்தானே? சின்னதா ஒரு படகு பாருலா. மூணு பேரும் காலையில போய்ட்டு மத்தியானம் சோத்துக்குத் திரும்பிடலாம்."

"எஞ்சின் படகு நெறைய இருக்கு. பார்க்கறேன்."

"எஞ்சின் வேணாம். எஞ்சின் சத்தத்துலயே பாதி உசுரு போச்சு. பாய் கட்டுன படகு பாரு."

ஏர்கோன்காரனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை எனக்குக் கோயில் பூசை இருக்கு. மத்த நாள் எப்ப வேணும்னாலும் கூப்புடு," என்றான். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். எந்த வேலைக்காகவும் பூசையை விட்டதில்லை.

முதலில் பார்த்த படகு சுங்கை ஆயர் தாவாரில், ஆற்றங்கரைச் சேற்றில் கிடந்தது. பந்தயத்துக்குச் செய்த மெல்லிய படகு. பார்க்க அழகு. ஆனால் அதில் ஓட்டுகிறவன் விளிம்பில் ஏறி உட்கார வேண்டும்; காற்று திரும்பும்போதெல்லாம் பாயின் அடியில் நீளும் கட்டைக்குக் குனிந்து அடுத்த பக்கத்துக்குத் தாவ வேண்டும். தண்ணீரில் தள்ளிவிட்டு லோரிக்காரனை ஏற்றினோம்; அவன் உட்கார்ந்ததுமே படகு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. அவன் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இது வயசுப் பிள்ளைங்களுக்கு," என்றான். முகம் வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எப்படிப்பட்ட படகு வேண்டும் என்று நானே யோசித்தேன். கோலசிலாங்கூர் முகத்துவாரத்தில் நீர் வற்றினால் சேறுதான் மிஞ்சும். ஆகவே அடியில் இருக்கும் பலகையை மேலே தூக்கிக்கொள்ள முடிய வேண்டும். படகு அகலமாக இருந்தால் சாய்வது குறையும். உட்காரும் பலகை தாழ்வாக, முதுகு சாய்கிற மாதிரி இருக்க வேண்டும். பாய்க்கட்டை தலையைத் தொடாத உயரத்தில் ஓட வேண்டும். முக்கியமாக, எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. படகு சாயும்போது உட்கார்ந்திருப்பவன் எதிர்ப் பலகையில் காலை முட்டுக்கொடுத்துக்கொள்வான். லோரிக்காரனிடம் இருந்தது இடது கால் ஒன்றுதான். அந்தக் கால் எட்ட வேண்டும்.

இரண்டாவது படகைப் பார்க்க ஏர்கோன்காரன்தான் கூட்டிக்கொண்டு போனான். ஆற்றோரத்து மரப்பாலம் ஒன்றில் கட்டியிருந்தார்கள். சின்ன அறையும் படுக்கையும் உள்ள படகு. மழை வந்தால் ஒதுங்கலாம் என்று அவனுக்கு ஆசை. "உள்ள பானை அடுப்புகூட வைக்கலாம்டா," என்றான். இதன் அடிப்பலகையைத் தூக்க முடியாது, சேற்றில் குத்தி நின்றுவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லோரிக்காரன் ஊன்றுகோலைப் பாலத்தில் சாத்திவிட்டு ஏறப் பார்த்தான். படகு பாலத்தைவிட்டு ஒரு முழம் விலகியது. அவன் இடையில் விழுந்தான்.

இடுப்புவரை சேற்றுத் தண்ணீர். நாங்கள் இருவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். அவன் சிரித்தான். "லோரியே கவுந்தப்பகூட நான் விழுந்ததில்லடா!" பாலத்தின் கம்பங்களில் சிப்பி ஒட்டியிருந்தது. கால் எங்காவது கிழிந்ததா என்று கேட்டேன். "ஒன்னுமில்ல, சப்பாத்து இருந்துச்சு," என்றான். இனிப்புநீர்க்காரனுக்குக் கால் மரத்துப்போகும், காயம் பட்டால் தெரியாது என்று இருவருக்குமே தெரியும். அவன் சப்பாத்தைக் கழற்ற விடவில்லை.

மூன்றாவது படகு சுங்கை புரோங்கில் கிடைத்தது. நெல்வயலை ஒட்டிய கொட்டகையில், இழுவை வண்டிமேல், தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர். பிள்ளைகள் யாரும் ஓட்டுவதில்லையாம். அகலமான படகு, அறை கிடையாது. ஆறு பேர் தாராளமாகச் சாய்ந்து உட்காரலாம். நான் ஓட்டை உடைசல் உண்டா என்று தட்டிப் பார்த்தேன், நல்ல வேலை. லோரிக்காரனை ஆசிரியர் வீட்டு நாற்காலியில் வைத்துத் தூக்கி உள்ளே இறக்கினோம். அவன் பலகையில் சாய்ந்து, இடது காலை நீட்டினான். எதிர்ப் பலகையில் சரியாகப் போய் முட்டியது. சுற்றிலும் பச்சை வயல். கடல் கண்ணில் படவில்லை. ஆனாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"இதுதான்டா. வேற பாக்க வேணாம்."

ஒரு கெட்ட வாடை வந்தது. வாய்க்கால் வாடை என்று நினைத்தேன்.

படகைக் கோலசிலாங்கூருக்கு இழுத்து வந்த வாரத்தில் லோரிக்காரன் மனைவி போன் செய்தாள். காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றியபோது குதிகால் கறுத்துப்போயிருந்ததாம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அறுவைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவள் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அழவில்லை.

"படகு படகுன்னு கூட்டிட்டுப் போய் இருந்த ஒரு காலையும் எடுத்துட்டீங்களே அண்ணே," என்றாள்.

ஏர்கோன்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

தேறி வந்தபிறகு அவனேதான் கேட்டான், படகு எங்கே என்று. மனைவி தடுக்கவில்லை. "போவட்டும். வீட்டுல இருந்தாலும் பேசறதில்ல," என்றாள்.

காற்று மெல்ல வீசிய ஒரு காலை. இருவரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். அவ்வளவு பெரிய ஆள், கனமே இல்லை. முதுகுக்கு மெத்தை, பக்கத்துக்கு மெத்தை என்று அடுக்கி உட்கார வைத்தோம். ஆற்றுக்கு மட்டும் என்று மாட்டியிருந்த சின்ன எஞ்சினைப் போட்டு ஆற்றைத் தாண்டி, கண்டல் மரங்களைத் தாண்டி, வெளியே வந்ததும் அதை நிறுத்திப் பாயை ஏற்றினேன். சத்தம் அடங்கியது. தண்ணீர் பலகையில் உரசும் ஒலி மட்டும். அவன் முகம் ஒரு நிமிடம் எங்களுக்குத் தெரிந்த பழைய முகமாக இருந்தது.

பிறகு காற்று கொஞ்சம் ஏறியது. படகு சாய்ந்தது. பெரிய சாய்வொன்றும் இல்லை. காலை ஊன்றினால் போதும். ஊன்றுவதற்கு அவனிடம் கால் இல்லை. மெத்தைகளோடு சரிந்து வந்து என் முழங்காலில் மோதினான். ஏர்கோன்காரன் தூக்கி உட்கார வைத்தான். மறுபடியும் சரிந்தான். மூன்றாவது தடவை நான் கயிறு ஒன்றை எடுத்து அவன் இடுப்பில் சுற்றப் போனேன்.

"கட்டாதடா."

"விழுந்துருவடா."

"லோரியில சாமானத்தான்டா நான் கயிறு போட்டுக் கட்டுவேன்." குரல் உயரவில்லை. "திருப்பு. வீட்டுக்குப் போவோம்."

நான் பாயை இறக்கினேன். திரும்பும் வழி முழுக்க எஞ்சின் சத்தம். ஏர்கோன்காரன் அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபடியே வந்தான். அதை மட்டும் அவன் விலக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவனைக் கூப்பிட்டோம். மலிவாகக் கிடைத்த கார் இருக்கை ஒன்றை வாங்கி, பெல்ட்டோடு படகில் பொருத்தலாம் என்று நான் அளவெடுத்துப் பார்த்தேன். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க," என்றான். நாங்கள் போகவில்லை. சிறுநீரகமும் கெட்டு, ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்துகொண்டிருந்தான். ஒருநாள் வீட்டு முன்புறத்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே இதயம் நின்றுவிட்டது. சுடுகாட்டில் ஏர்கோன்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி சின்னதாக இருந்தது.

படகை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தபோது லோரிக்காரன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். கருமாதி முடிந்து சில வாரங்கள் இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்னை ஒருவாட்டி அதுல கூட்டிட்டுப் போறீங்களா அண்ணே?"

"காத்து இருக்கும்மா. பயப்படுவ."

"பரவால்ல."

மூவரும் போனோம். அவள் சேலை முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஆற்றைத் தாண்டும் முன்பே முகம் வெளிறிவிட்டது. வெளியே வந்து பாயை ஏற்றியபோது விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். ஏர்கோன்காரன் தண்ணீர் கொடுத்தான். திரும்பலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள். வெகுநேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கலங்கிய தண்ணீரும், தூரத்தில் மீன்படகு இரண்டும் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"இதுக்கா?" என்றாள்.

எங்களில் யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் சுக்கானைப் பார்த்தேன். ஏர்கோன்காரன் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் கழித்து அவளே, "போதும் அண்ணே, திருப்புங்க," என்றாள். திருப்பினேன்.