மிதிக்கும் முன்னே இறங்கிய பிரஸ்

இருநூறு. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். இருநூறு மில்லி செகண்ட், அதாவது ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் மெஷினில் பெடலை மிதிப்பதற்கும் மேல்கட்டை இறங்குவதற்கும் நடுவே பல வருஷமாக இருந்த தாமதம் அது. வால்வு தேய்ந்துபோனதால் வந்த கோளாறு. கம்பெனி சரி செய்யவில்லை, தொழிலாளிகள் பழகிக்கொண்டார்கள். கை வெளியே வரத் தொடங்கும்போதே கால் மிதித்துவிடும். கட்டை இறங்குவதற்குள் கை வந்துவிடும். அந்த வேகத்தில் அடித்தால்தான் உற்பத்தி தேறும். இது மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். தடுப்புக் கம்பி எப்போதோ கழற்றப்பட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது.

ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக் வால்வை மாற்றினார், தாமதம் போனது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் முதல் ஷிஃப்டில் ஒரு பெண்ணின் இரண்டு விரல் நுனிகள் போயின.

அந்தப் பெண், தராசின் அண்ணி.

தராசு என்பது வீட்டுப் பட்டப்பெயர். வைத்ததே அண்ணிதான். மழை வருமா என்று கேட்டால்கூட, "வரலாம், வராமலும் போகலாம்" என்று இழுக்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது? பல்கலைக்கழகத்தின் பின்கட்டில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில் அவளுக்கு வேலை. மூளை நேரத்தை எப்படி உணர்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பாள். ஆயிரக்கணக்கான பொய் நரம்புகளை ப்ரோக்ராமாக எழுதி, எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று அவற்றைக் கேட்பாள். அண்ணன் விடமாட்டான். "மணி பாக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கம்ப்யூட்டர்? கையில ஒரு வாட்ச் கட்டிக்கிட்டா ஆச்சு."

கட்டுப்போட்ட கையோடு அண்ணி கம்பெனியில் சொன்னது இதுதான்: "நான் மிதிக்கவே இல்ல. மெஷின் தானா இறங்குச்சு. அப்புறம்தான் கால் பெடல்ல பட்டுது." மெஷினில் நேரத்தைப் பதிவு செய்யும் கருவி வேறு மாதிரி சொன்னது. பெடல் முதலில், கட்டை பிறகு. கம்பெனி பிடித்துக்கொண்டது. மெஷின் மேல் பொய்ப் புகார் கொடுத்தாள், ஆகவே வேலைநீக்கம். தொழிலாளர் துறை அதிகாரி விசாரிக்க வருவதாக ஏற்பாடு.

தராசு கேட்கக் கூடாததைக் கேட்டாள். அண்ணி ஒற்றைக் கையால் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணி, ஒருவேளை வலியில... மாத்தி ஞாபகம் இருக்கலாம்ல?"

"பொய் சொல்றேன்னு நேரா சொல்லேன். எதுக்குச் சுத்தி வளைக்கற?" அண்ணி திரும்பவில்லை. "அந்த மேனேஜர் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கும். போய் உக்காந்துக்கோ."

அதன்பிறகு வீட்டில் பேச்சில்லை. தராசுக்குத் தூக்கம் போனது. கருவியும் பொய் சொல்லாது, அண்ணியும் பொய் சொல்லமாட்டாள். கடைசியில் அண்ணியின் வேலையையே ப்ரோக்ராமுக்குக் கொடுத்தாள். பெடல், இருநூறு, கட்டை. பெடல், இருநூறு, கட்டை. இப்படிப் பல்லாயிரம் தடவை. பிறகு சத்தமில்லாமல் தாமதத்தை எடுத்துவிட்டு, எது முன்னே என்று கேட்டாள்.

கட்டை முன்னே, கால் பின்னே என்றது ப்ரோக்ராம்.

விஷயம் இவ்வளவுதான். மூளைக்குள் கடிகாரம் கிடையாது. முதலாளிக்கும் கிடையாது, தொழிலாளிக்கும் கிடையாது. ஒரே மாதிரி தாமதம் தினமும் வந்தால் மூளை அதைக் கழித்துவிட்டு, மிதித்ததும் அடித்ததும் ஒரே நேரம் என்று கணக்கு எழுதிக்கொள்ளும். திடீரென்று தாமதம் இல்லாமல் போனாலும் பழக்கத்தில் கழித்துக்கொண்டே இருக்கும். அப்போது அடி, மிதிக்கு முன்னால் போய் விழும்.

அண்ணியிடம் ஓடிவந்து சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டாள். "நான் சொன்னப்ப நம்பல. பொட்டி சொன்னதும் நம்பிட்ட." ஆனாலும் விசாரணைக்குக் கூட அழைத்துப் போனாள்.

கம்பெனியின் மீட்டிங் அறை. ப்ரோக்ராம் சொன்னதைத் தராசு அதிகாரிக்கு விளக்கினாள். மேனேஜர் மடையர் இல்லை. "நீங்க சொல்லிக் குடுத்தத அது திருப்பிச் சொல்லுது, மேடம். மனுஷங்கள வச்சுக் காட்டுங்க. ஆனா பிரஸ்காரங்க வேணாம். எல்லாரும் ஒரே வாயா சொல்லிடுவாங்க."

"உங்க ஆபீஸ்லேந்தே பன்னெண்டு பேரக் குடுங்க, சார்" என்றாள் தராசு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை பேர் அப்படிச் சொல்லுவாங்க? இப்பவே சொல்லிடும்மா. அப்புறம் மாத்தக் கூடாது. அதுக்குக் குறைஞ்சா கம்பெனி சொல்றதுதான் நிக்கும்."

தராசு மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்த ப்ரோக்ராமின் கணக்கு இதுவரை ஒத்துப்போனது காலேஜ் பிள்ளைகளோடுதான். ஐம்பது வயது அக்கவுண்டன்ட்டோடு அல்ல.

"எட்டுப் பேருக்குக் குறையாது."

தரையில் ஒரு பெடல், மேஜைமேல் ஒரு விளக்கு. ஆளுக்குப் பத்து நிமிஷம் மிதிக்க வேண்டும். விளக்கு அதே தாமதத்தோடு எரியும். பிறகு சொல்லாமல் தாமதம் எடுக்கப்படும். கால் முன்னேயா, லைட் முன்னேயா என்று ஒரே கேள்வி.

முதல் ஆள்: "கால்." இரண்டாவது: "கால்தான், இதிலென்ன சந்தேகம்." மூன்றாவதும் கால்.

இனி ஒன்றுதான் தவறலாம். சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "ஏண்டி எட்டுன்னு சொல்லித் தொலைச்ச? அஞ்சுன்னு சொல்லிருக்கலாம்ல?"

"ப்ரோக்ராம் எட்டுன்னுச்சு, அண்ணி."

"அது இந்த ஆபீஸ் ஆளுங்களப் பாத்திருக்கா?"

நான்காவது ஆள் டைப்பிஸ்ட். மிதித்தாள், விழித்தாள். "லைட்." ஐந்தாவது ஆளும் லைட் என்றார்.

ஆறாவதாக மேனேஜரே உட்கார்ந்தார். பத்து நிமிஷம் முடிகிற நேரத்தில் போன் அடித்தது. எழப்போனார்.

"எந்திரிக்காதீங்க, சார்." வாழ்நாளில் முதல் முறையாகத் தராசு யோசிக்காமல் பேசினாள். "எந்திரிச்சா பழக்கம் கலைஞ்சிடும். அப்புறம் மொதல்லேந்து மிதிக்கணும்."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். மிதித்தார். சட்டென்று குனிந்து பெடலைப் பார்த்தார். "யாரோ ஸ்விட்ச்ச நோண்டிருக்காங்க. நான் காலே அழுத்தல, எரியுது."

அதிகாரி பதிவைத் திருப்பிக் காட்டினார். கால் முதலில் இருந்தது. "அப்ப நீங்க பொய் சொல்றீங்களா, சார்?"

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

அண்ணி தரையைப் பார்த்தாள். சிரித்தால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மேனேஜர் சொன்னதால் வேலை திரும்பக் கிடைக்காது. எட்டுத் தலை வேண்டும்.

மீதி ஆறு பேர் ஒவ்வொருவராக வந்து போனார்கள். பதிலைத் தன் காதருகே மட்டும் சொல்லச் சொன்னார் அதிகாரி. ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னொருவர் மாறக்கூடாதாம். ஆக, அதிகாரியின் பேனா அசைவதைத் தவிர அறையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி நல்ல கையால் தராசின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

கடைசி ஆள் போய்க் கதவு மூடியது. அதிகாரி கோடுகளை எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். மேனேஜரைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"லைட் முன்னன்னு சொன்னவங்க, ஒன்பது."