வெயிலக்காவின் காப்பு

அந்த ஆஸ்பத்திரியில் நானூறு கட்டில்கள். தினமும் நானூறு விரிப்பு, நானூறு தலையணை உறை, போதாததற்கு அறுவை சிகிச்சை அறையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பச்சைத் துணி. நாலு நாள் விடாமல் மழை பெய்தால் வேறு எந்த ஆஸ்பத்திரியும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடும். இங்கே யாரும் அப்படி உட்காரவில்லை. சலவைக்கூடத்தில் வெயிலக்கா இருந்தாள்.

சொந்தப் பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. ஈரத் துணியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு இழு இழுத்தாள் என்றால், தண்ணீர் மொத்தமாகக் கழன்று காலடித் தொட்டியில் சலசலவென்று விழும். துணி மொடமொடவென்று நிற்கும். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் வெயிலக்காதான். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஏன் இருக்கக் கூடாது? மேகத்தைப் பார்த்துப் பயப்படாத ஆஸ்பத்திரி என்று பேர் வாங்கிக் கொடுத்தது அவள் கைதானே!

அந்தக் கையில்தான் செம்புக் காப்பு கிடந்தது. மந்திரக்கை உள்ளவர் எல்லோருக்கும் அந்த நாட்டில் அதுதான் சட்டம். அடுப்பில்லாமல் ரொட்டி சுடுகிறவருக்கும் காப்பு, தொட்டு இரும்பை வளைக்கிறவருக்கும் காப்பு. வேலை நேரத்தில் திறக்கலாம், வேலை முடிந்ததும் பூட்ட வேண்டும். சாவி, மந்திரம் இல்லாத ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். பூட்டு விழுந்து வளையம் மூடிவிட்டால் மந்திரத்துக்குக் கை மரக்கட்டைதான்.

காரணம் கேட்டால், "துணியிலிருந்து தண்ணியை இழுக்கிறவ ஆள்கிட்டேருந்து இழுக்க மாட்டாளா?" என்பார்கள். பயம் பொய் என்று சொல்ல முடியாது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் காய் நறுக்குகிறவள் கையில் கத்தி இருக்கிறது என்பதற்காக, நறுக்கி முடித்ததும் அவள் கையை யாராவது கட்டிப்போடுகிறோமா? இதைக் கேட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்காது.

வெயிலக்காவுக்குப் பத்து வயதில் காப்பு மாட்டினார்கள். ஒரு மழை நாள், பள்ளிக்கூடத்துக்குத் தொப்பலாக நனைந்து வந்த பிள்ளைகள் முப்பது பேரை வரிசையாக நிற்கவைத்து, சட்டை பாவாடையெல்லாம் காயவைத்துவிட்டாள். காலையில் "சமத்துக்குட்டி" என்று கன்னத்தைக் கிள்ளிய டீச்சர் மதியமே அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டாள். மறுநாள் ஒரு ஆள் வந்து நூலால் மணிக்கட்டை அளந்துகொண்டு போனான். அவன் கை சில்லென்று இருந்தது அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கல்யாணம் ஆகி வந்தபோது சாவி யாரிடம் போவது என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை தையல்காரர், வாயில்லாப் பூச்சி. அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அக்கா கையை நீட்டிவிட்டாள். அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசையில் வேலை பார்ப்பவள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டும். இங்க பாரும்மா, என் தம்பி ஏற்கெனவே காஞ்ச சுள்ளி. நீ வேற அவனக் காயவச்சிடாத."

இப்படித்தான் ஆரம்பித்தது நாத்தனார் உறவு. முதல் சில வருஷங்கள், வெயிலக்கா 'அண்ணி' என்று கூப்பிட்ட அந்த நாத்தனார் ஒரு நிமிஷம் தவறியதில்லை. மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் சாவியும் கையுமாக வந்து நிற்பாள். "டக்" என்று பூட்டு விழும். தூரத்தில் நிற்கிற மேற்பார்வையாளர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, பதிவேட்டில் "பூட்டியாயிற்று" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்.

வெயிலக்காவின் மகளுக்கு ஒன்றே முக்கால் வயதிருக்கும்போது வந்தது அந்தப் பெருமழை. ஆற்றோரத்து ஆஸ்பத்திரியில் தண்ணீர் புகுந்து அங்கிருந்த நோயாளிகளும் இங்கே வந்து சேர்ந்தார்கள். வெயிலக்கா ஒரே நாளில் ஆயிரத்துச் சொச்சம் விரிப்பை இழுத்தாள். அந்த வெறியில் கூடவே தன் காப்புக்குள் இருந்த எண்ணெயையும் இழுத்துவிட்டாள் போலிருக்கிறது. உள்ளே இருந்த சுருள் கம்பி காய்ந்து ஒடிந்துபோயிற்று. மந்திரக்கை உள்ளவள்தான் செய்யக்கூடிய தப்பு அது, அதுவும் தெரியாமல்.

மாலை அண்ணி சாவியைத் திருப்பினாள். பூட்டு விழவில்லை. இன்னொரு தரம் திருப்பினாள். ஊகூம். மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். அண்ணி வெயிலக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குப் போட்டாள். "டக்."

"பூட்டியாயிற்று" என்று பதிவேட்டில் ஏறியது.

அன்றிலிருந்து எட்டு வருஷம் அந்தக் காப்பு வெறும் நகைதான். வருஷம் ஒருமுறை பரிசோதகர் வருவார், காப்பின் மேலிருக்கும் எண்ணைப் படிப்பார், முத்திரை குத்துவார். இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவே இல்லை. தினமும் ஐந்து மணிக்கு அண்ணி சாவியைத் திருப்புவாள், வாயால் "டக்" போடுவாள். இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு நாளும் ஒருத்தியும் வாயைத் திறந்து பேசிக்கொண்டதில்லை.

மகள் ஒன்பது வயதைத் தாண்டினாள். ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடிவந்தவள், தன் கூந்தலில் தானே கை வைத்தாள். தண்ணீர் பொத்தென்று தரையில் விழுந்தது. தையல்காரரின் தையல் இயந்திரம் அப்படியே நின்றது.

"ஐயோ, அம்மா மாதிரியே!" என்று பிள்ளை கைதட்டிக் குதித்தாள். வெயிலக்காவுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதன் பின்னாலேயே கண் தன் மணிக்கட்டுக் காப்பில் போய் நின்றது. பிள்ளையின் கைவாகு பள்ளிக்கூடத்தில் தெரிய எவ்வளவு நேரமாகும்? தெரிந்தும்விட்டது. பத்து வயது நிறைவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மணிக்கட்டு அளவு எடுக்கத் தேதி குறித்திருந்தார்கள்.

அதே மாதத்தில்தான் அந்த விசாரணைக் குழுவும் வந்தது. காப்புச் சட்டத்தை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு ஊர் ஊராகப் போய், மந்திரக்கை உள்ளவர்கள் வேலை செய்யும் இடங்களிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சாட்சி சொல்ல வெயிலக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முந்தின நாள் மதியம் இருவரும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து கைக்குக் கை முனைகளைச் சேர்ப்பார்கள். முனைகள் சேர்ந்த இடத்தில் வெயிலக்கா மெல்லக் கேட்டாள்.

"அண்ணி, நாளைக்கு நான் அந்தப் பூட்டப் பத்திச் சொல்லிட்டா..."

"எந்தப் பூட்டு? துணிய இழுத்துப் பிடி, சுருங்குது."

"உள்ள போட்டுடுவாங்களா அண்ணி? உங்களையும் சேத்து?"

அண்ணி அடுத்த விரிப்பை எடுத்தாள். அதையும் மடித்து அடுக்கினாள். அப்புறம், "புள்ளைக்கு என்னைக்கு அளவு எடுக்கிறாங்க?" என்றாள்.

"இருபத்தி மூணாந்தேதி."

"ம்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான்.

விசாரணை ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் நடந்தது. நடுவில் தலைவி, நரைத்த தலை, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டிருந்தார். முதலில் ஸ்டோர்காரர் எழுந்தார். நேரம் தவறாதவர், துணி எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் தூங்காதவர். குறை என்று சொன்னால், கேண்டீன்காரரோடு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. டீயை அரை டம்ளராக ஊற்றி ஏமாற்றுகிறான் என்று ஒருநாள் மூண்ட சண்டை.

"வெயிலக்கா மேல எனக்கு மரியாதை உண்டு, மறைக்கல. ஆனா கோபம் யாருக்கும் வரும். நமக்குக் கோபம் வந்தா கத்துவோம். அவங்களுக்கு வந்தா? பூட்டு இருக்குறதாலதான் நாமெல்லாம் நிம்மதியா நடமாடுறோம்."

அறையில் பாதித் தலைகள் ஆடின. தலைவி வெயிலக்காவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. பூட்டு இல்லாம உங்கள நம்பலாமா?"

வெயிலக்கா எழுந்தாள். கடைசி வரிசையில் அண்ணி மலை மாதிரி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தையல்காரர். வெயிலக்கா இடது கையை மேசையின் மேல் நீட்டினாள். வலது கையால் காப்பை லேசாக இழுத்தாள். அது திறந்துகொண்டு மேசையில் உருண்டு, தலைவியின் தண்ணீர் டம்ளரில் மோதி நின்றது.

ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. முன்வரிசை மொத்தமும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"உக்காருங்க எல்லாரும்!" என்றார் தலைவி. அவர் மட்டும் அசையவில்லை. "எப்போ கெட்டுச்சு இது?"

"எட்டு வருஷம் ஆச்சுங்க."

"எட்டு வருஷமா பூட்டு இல்லாமலா இந்த ஆஸ்பத்திரியில நடமாடிட்டு இருக்கீங்க?"

"ஆமாங்க. காய்ச்சல்காரங்க பக்கத்துல, பச்சப்புள்ளைங்க பக்கத்துல, இதோ இவங்க எல்லாருக்கும் பக்கத்துல."

"இந்த எட்டு வருஷத்துல உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வராம என்னங்க? நானும் மனுஷிதானே." அவள் ஸ்டோர்காரர் பக்கம் திரும்பினாள். "சார், நாலு வருஷம் முன்னாடி, ஒருநாள் அஞ்சு மணிச் சங்கு ஊதினப்புறம், எம் பொண்ணு எங்கிட்ட வந்தா. நீங்க அவளப் பாத்து, 'இதையும் சீக்கிரம் கட்டிப்போடுங்க'ன்னீங்க. கன்னுக்குட்டியச் சொல்ற மாதிரி. ஞாபகம் இருக்கா? கையில டீ வச்சிருந்தீங்க."

ஸ்டோர்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் மெல்ல மாறியது.

"அடப்பாவமே... அந்த டீ..."

"நான்தான் சார். பாதிய வத்த வச்சிட்டேன். கேண்டீன் அண்ணன் பாவம், அவரு நிறையத்தான் ஊத்தினாரு."

யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள், அது பரவியது. வாசலோரம் நின்ற கேண்டீன்காரர், "கேட்டீங்களா! கேட்டீங்களா!" என்று கத்தினார். வெயிலக்கா சிரிக்கவில்லை.

"உங்க கழுத்து எனக்கு ரெண்டடி தூரத்துல இருந்துச்சு சார். உடம்பு பத்திக்கிட்டு எரிஞ்சுது எனக்கு. ஆனாலும் நான் டீயத்தான் எடுத்தேன். அன்னைக்கு உங்களக் காப்பாத்தினது பூட்டு இல்ல. நான்தான்."

சிரிப்பு அடங்கியது. ஸ்டோர்காரர் தன் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் எழவில்லை.

தலைவி பதிவேட்டைப் புரட்டினார். "தினமும் பூட்டு விழுந்த சத்தம் கேட்டதா இதுல எழுதியிருக்கே. சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதாங்க" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. அண்ணி எழுந்து நின்றாள்.

"அப்போ அந்தச் சத்தம்?"

அண்ணி நாக்கைச் சொடுக்கினாள். "டக்." அறை முழுக்கக் கேட்டது. மேற்பார்வையாளர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே தெரியுங்க. அன்னைக்குப் பயந்தேன், பொய் சொல்லல. விடிஞ்சதும் ஓடிப்போய்ப் பாத்தா, என் தம்பி உசுரோட குறட்டை விட்டுட்டுக் கெடக்குறான். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் போனதும் எனக்கே வெக்கமாப் போச்சு. இத்தன வருஷமா எதுக்குடா இவளப் பூட்டினோம்னு." அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "தண்டனை இருந்தா எனக்குக் குடுங்க. என் தம்பி புள்ளையோட கைய மட்டும் அளக்காதீங்க."

வெயிலக்காவின் கண் நிறைந்துவிட்டது. எட்டு வருஷம் பேசாத பேச்சை ஊரே கேட்கப் பேசிவிட்டாளே இந்த மனுஷி!

இருபத்திரண்டாம் தேதி உத்தரவு வந்தது. இனி யாருக்கும் காப்பு கிடையாது. குற்றம் செய்தால் மற்றவர்களைத் தண்டிக்கிற சட்டமே இவர்களையும் தண்டிக்கும். குழு பத்துப் பன்னிரண்டு ஊர்களில் விசாரித்ததுதான், ஆனாலும் உத்தரவின் நாலாம் பக்கத்தில் ஒரு டீ டம்ளரைப் பற்றி முழுதாக ஒரு பத்தி எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை வெயிலக்கா மனப்பாடமாகச் சொல்வாள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அவளை எச்சரிக்கையோடு விட்டார்கள். அண்ணிக்குத் தனித் தாளில் தண்டனை வந்தது. "இனி ஆயுள் முழுவதும் எவருடைய காப்புச் சாவியையும் வைத்திருக்கத் தகுதியற்றவர்." அண்ணி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க குடும்பத்துல அரசாங்கத்துப் பட்டம் வாங்கினது நான் ஒருத்திதான்" என்று நெஞ்சை நிமிர்த்துவாள்.

மறுநாள் இருபத்தி மூன்று. வெயிலக்கா, அண்ணி, மகள் மூன்று பேருமாகக் கடைத்தெருவில் நடந்தார்கள். அளவு எடுக்கும் அலுவலகத்தின் கதவு சாத்தியிருந்தது. அதற்கு நாலு கடை தள்ளி மகள் நின்றுவிட்டாள். கண்ணாடி வளையல் கடை.

"அம்மா, எனக்கு இதுல அரை டஜன்."

வெயிலக்காவுக்குச் சுருக்கென்றது. தன் இடது மணிக்கட்டில் வெளுத்துக் கிடந்த வளையத் தழும்பைப் பார்த்தாள். "கையில எதுக்குடி? வேற ஏதாவது கேளு, வாங்கித் தரேன்."

"இதான் வேணும்." பிள்ளை அதற்குள் பச்சை வளையல்களைப் போட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள்.

"இறுக்குமே."

"போம்மா" என்றாள் அவள், இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்பதுபோல. "புடிக்கலன்னா கழட்டிடுவேன்."

வெயிலக்கா சுருக்குப்பையை அவிழ்த்தாள். அண்ணி கடைக்காரரிடம் திரும்பினாள்.

"கேட்டீங்கல்ல? அரை டஜன் குடுங்க."