வேணியின் வைடு லென்ஸ்

விழுப்புரத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கும் வேணிக்கு மனித முகங்கள் அலுத்துவிட்டன. நாள் முழுக்க பாஸ்போர்ட் போட்டோ. எடுத்ததும் "கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க" என்ற கெஞ்சல். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை, ஏரி என்று கிளம்பிவிடுவாள். மலை எதுவும் கேட்பதில்லை. ஆனால் அவளிடம் இருந்த லென்ஸில் செஞ்சி மலை பாதிதான் அடங்கியது. புது வைடு ஜூம் லென்ஸ் எட்டாத விலை. திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் பார்சுவநாத் பழையது ஒன்றை விற்பதாக இணையத்தில் பார்த்து பஸ் ஏறினாள்.

யாத்திரையில் படமெடுக்க வாங்கியவர், பெட்டியைப் பிரித்ததோடு சரி. வேணி செல்போன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பூஞ்சை இல்லை.

"ஏரிக்கரையில ஒரு படம் எடுத்துப் பாத்துட்டு வாங்கிக்கிறேண்ணா. சாயங்கால வெளிச்சத்துல."

"நாங்க சமணருங்க, பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம்மா. ஜல்தி வா."

கூடவே வந்த பார்சுவநாத் வழியில் ஒரு பலகாரப் பொட்டலம் வாங்கி, கரையிலேயே அதைப் பிரித்து உட்கார்ந்தார். வானம் செம்பாகச் சிவந்தது. வேணி எடுத்த முதல் படத்தின் மூலையில் பார்சுவநாத்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணா."

தள்ளினார். அடுத்ததிலும் இருந்தார்.

"இன்னும் கொஞ்சம்..."

"இதுக்கு மேல தள்ளினா ஏரிக்குள்ளதாம்மா போவணும்" என்றார், வாய் நிறைய பூரியோடு.

படத்தைக் காட்டியதும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "இதையா பீரோவுல பூட்டி வெச்சிருந்தேன்? விக்கவே மனசு வரலம்மா."

வேணி சட்டென்று படத்தின் மூலையைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டுவது அந்த லென்ஸின் குணம். அவர் வயிறு தோணி போலக் கிடந்தது.

"குடும்பத்தோட எடுத்தா, ஓரத்துல நிக்கிற சம்பந்தி மச்சான் எல்லாம் இப்படித்தாண்ணா வருவாங்க."

"ஐயோ, பேஜாரு! நீயே எடுத்துக்கினு போம்மா."

பணத்தைக் கொடுத்து, நன்றிக்கு அந்தப் படத்தையும் அவர் சொன்ன வீட்டு நம்பருக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி தாண்டும்போது போன் வந்தது. பார்சுவநாத்தின் மனைவி அனந்தமதி.

"படம் ஜோரா இருக்கும்மா. டாக்டரு எண்ணெய்ப் பலகாரமே ஆவாதுன்னு சொல்லியிருக்காரு. அவரு கையில வெச்சிக்கினு இருக்கிறது சப்பாத்தியா, பூரியா?"

"சப்பாத்திதாங்க. இந்த லென்ஸுல எல்லாம் உப்பித் தெரியும்" என்றாள் வேணி.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"வரட்டும் வூட்டுக்கு" என்றாள் அனந்தமதி.