மேல் பலகையில் வைத்த ஏரி மண்

வடக்கனந்தல் ஏரி மண் ஆயிரத்து நூற்றைம்பது டிகிரியில் உருகும். ஆறு தடவை சோதித்து, ஆறு தடவையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். விரல் நீளத் துண்டாகச் சூளைக்குள் போனது, ஒவ்வொரு தடவையும் வெல்லப்பாகு போல வழிந்து கிடந்தது. நான் பாத்திரம் சுடுவது ஆயிரத்து இருநூற்று நாற்பதில். அதற்கென்று வெளியூரிலிருந்து மூட்டையில் வேறு மண் வருகிறது. இவ்வளவு தெரிந்த ஒருத்தி செய்யக்கூடாத காரியத்தை நான் செய்தேன்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் தொழில். புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் மூன்று வருடம் கற்றுக்கொண்டு வந்து, இங்கே கொட்டகை போட்டுக் கேஸ் சூளை கட்டினேன். ஊர்க்காரர்கள் இன்றுவரை பூந்தொட்டி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். அதில் தவறில்லை, அவர்களுக்குப் பூந்தொட்டி வேண்டும். என் தொழில்காரர்கள்தான் வேறு ரகம். பானை செய்கிறேன் என்று சொன்னால் அவர்கள் நாக்கு வெந்துவிடும். மண்ணோடு உரையாடுகிறார்களாம். மூடி பொருந்தாத ஜாடியைச் செய்துவிட்டு, மூடிக்கும் ஜாடிக்கும் இடையே ஒரு பதற்றம் இருப்பதாக எழுதுவார்கள். கீழே நாற்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். அந்த நாற்பதில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன்.

சென்னையில் ஒரு கண்காட்சி அரங்கு எனக்குப் பிப்ரவரி மாதத்தைக் கொடுத்திருந்தது. நான் மட்டும் தனியாக வைக்கும் முதல் கண்காட்சி. அறுபது சாப்பாட்டுத் தட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே மெருகுப் பூச்சு. நைனார்பாளையத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றிலிருந்து கரும்புச் சக்கைச் சாம்பல் வாங்கி, சலித்து, கழுவி, காயவைத்துச் செய்தது. மழைக்கு முன் வானம் இருக்குமே, அந்த நிறம். அடுத்த வருடச் சாம்பலில் அது வராது என்பதும் நோட்டில் இருக்கிறது. பன்னிரண்டு தட்டுகளைச் சுட்டு முடித்திருந்தேன். மீதி நாற்பத்தெட்டும் ஒரே தடவையாகச் சூளைக்குள் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். என் தொழிலில் பெரிய பெயர். அரங்கில் யாருக்கு எந்த மாதம் என்பதைத் தீர்மானிக்கும் மூன்று பேரில் ஒருவர். பத்து நாள் என் கொட்டகையில் தங்கி 'இந்த நிலத்தின் மண்ணோடு' வேலை செய்ய விரும்பினார். என் கண்காட்சிக்கு முன்னுரை எழுதித் தருவதாகவும் சொன்னார். என் தட்டைக் கையில் எடுத்து, "மௌனம்" என்றார். நான் குளிர்ந்துபோனேன். அந்த ஒரு சொல்லுக்கு இருபத்திரண்டு வருட நோட்டை விற்றேன் என்பதை இங்கே எழுதிவைப்பதுதான் நியாயம்.

ஏரி மண்ணை அள்ளிக் குழைத்து மூன்று பெரிய ஜாடிகள் செய்தார். அதற்குக் கல்வராயன் மண் என்று பெயர் வைத்தார். மலை அந்த ஏரிக்கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான் உறவு. எனக்கு மண் மிதித்துத் தரும் பெண் உள்ளூர்க்காரி. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"இன்னா சார், அடுப்பு போடுற மண்ணுல ஜாடி செஞ்சிக்கினு கீறீங்க?"

"மண்ணில் பெரியது சின்னது இல்லைம்மா."

"பெருசு சின்னது இல்ல சார். தாங்குமான்னு கேக்குறேன்."

தாங்காது என்று நானும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். மெருகு பூசுவதற்கு முந்தைய முதல் சூட்டில், தொள்ளாயிரத்தைம்பதில், ஜாடிகள் சிவந்து அழகாக வெளியே வந்திருந்தன. அதில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "உங்கள் நோட்டு உங்களைப் பயமுறுத்துகிறது," என்றார். என் தட்டுகளோடு சேர்த்து அவற்றையும் வைக்கச் சொன்னார். அதுவும் சூளைக்குள் அடுக்கும் தீக்கல் பலகைகளில் மேல் பலகையில். தீயின் முதல் மூச்சு அங்கேதான் படுமாம்.

சந்தேகப் பாத்திரத்தைச் சூளையின் அடியில் வைக்க வேண்டும். வழிந்தால் பிடிக்க, கீழே ஒரு பழைய மண் தட்டை வைக்க வேண்டும். முதல் வருடம் கற்கிறவர்களுக்கே தெரியும். பழைய தட்டை எடுத்தேன். "அது அந்த ஜாடிகளை நம்பாததுபோல ஆகும்," என்றார். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தபோது ஜாடிகள் இல்லை. மேல் பலகையில் கருத்த, பளபளக்கும் ஒரு கட்டி, என் தட்டுகள் இரண்டைப் பாதி விழுங்கிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து மூன்று பலகைகளுக்குச் சொட்டி இறங்கியிருந்தது. நாற்பத்தெட்டில் பிழைத்தவை பத்தொன்பது. அந்த வருடச் சாம்பலும் தீர்ந்திருந்தது.

"யக்கா," என்றாள் அவள், மெதுவாக. "சொன்னமே."

அவரோ கட்டியின் முன் மண்டியிட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் தட்டுகளுக்காக இல்லை. "இதை யாராலும் திட்டமிட்டுச் செய்ய முடியாது," என்றார். பலகையோடு சேர்த்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

பிப்ரவரிக்கு முப்பத்தொரு தட்டுகள் போதாது என்று அரங்கிலிருந்து தகவல் வந்தது. மாதம் அவருக்குப் போனது. அழைப்பிதழ் வந்தது, நானும் போனேன். கட்டி நடுக்கூடத்தில், வெள்ளைப் பீடத்தின் மேல், தனி விளக்கோடு இருந்தது. அடியில் 'கல்வராயன் மண், நெருப்பு, தற்செயல்' என்று எழுதியிருந்தார்கள். கைத்தறிச் சேலை கட்டிய ஒரு அம்மாள், இது எப்படி நிகழ்ந்தது என்று கேட்டார். "அதை நெருப்பிடம்தான் கேட்க வேண்டும்," என்றார் அவர்.

"ஆயிரத்து நூற்றைம்பதில் உருகும். முன்னாலேயே தெரியும்," என்றேன்.

எல்லோரும் கொஞ்ச நேரம் தேநீர் குடித்தார்கள். பிறகு அரங்கின் பொறுப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்படியானால் உங்களால் இதை மறுபடியும் செய்ய முடியும், இல்லையா? பத்து செய்து கொடுங்கள். செப்டம்பர் மாதம் உங்களுக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொன்னது நான்தான். கள்ளக்குறிச்சி வரும்வரை பஸ்ஸில் உண்மையாகவே யோசித்தேன், எந்தப் பலகையில் எத்தனை வைக்கலாம் என்றுகூட.

மறுநாள் காலை அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கு இன்னாக்கா யோசனை? ஏரியில ஜாஸ்தியாவே கெடக்குது. ரெண்டு கூடை அள்ளிக்கினு வரட்டா? சக்கரம்கூட வேணாம், உருட்டிப் போட்டுட்டு வூட்டுக்குப் போய்டலாம்."

அவள் எதிரிலேயே போன் போட்டேன். முடியாது என்றேன். உங்களுக்குத் துணிச்சல் போதாது என்று பொறுப்பாளர் வருத்தப்பட்டார். செப்டம்பரும் போனது. கேட்பதற்கு இனி அங்கே மாதம் இல்லை.

பிறகு இருவரும் மீதிப் பலகைகளைக் கொட்டகைக்கு வெளியே எடுத்துவந்து, சொட்டி உறைந்ததை உளியால் செதுக்க உட்கார்ந்தோம். மாலைக்குள் இரண்டு சுத்தமாயின. மூன்றாவது, முதல் அடியிலேயே நடுவில் பிளந்தது.