தங்கராசா அண்ணரும் நான் பிடுங்கிய கௌபியும்

தங்கராசா அண்ணர் கட்டைபறிச்சானில் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வியாழக்கிழமை காலை வந்தது. அடுத்த நிமிடம் நான் இறங்குதுறையில் நின்றேன். அங்கே போக மூதூருக்கு லோஞ்ச் படகு ஏற வேண்டும், அது ஓடவில்லை. வெள்ளியும் போனேன், சனியும் போனேன். கடற்படைக்காரரோடு மூன்று பாஷையில் வாதாடினேன். கடைசியில் பெரிய அதிகாரியே இறங்கி வந்து என்னிடம் வருத்தம் தெரிவித்தார். லோஞ்ச் மட்டும் ஓடவில்லை. அதற்குள் தகனம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் இருக்க ஏலவில்லை. கதிரையில் இருந்தால் கால் வாசலுக்குப் போகிறது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக இதை நின்றபடியேதான் எழுதுகிறேன்.

மீன்பிடிச் சங்கத்து வலைக் களஞ்சியத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சண்டைக் காலம், கடலுக்குப் போகத் தடை வந்து களஞ்சியம் வெறுமையாகக் கிடந்தது. கரையோரத் தோட்டங்களுக்கும் போக விடவில்லை. யூரியாப் பசளை சோதனைச் சாவடியைத் தாண்டாது. "நிலம் இல்லாட்டி மேல போவம்" என்றார் அண்ணர். வலை அடுக்கும் தட்டுகளில் மீன்பெட்டிகளை ஏற்றி, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் முளைக்கீரையையும் கௌபிப் பயறையும் சேர்த்து விதைத்தார். கூரையில் நாலு கண்ணாடித் தகடுகள்தான் வெளிச்சம். அதனால் காலையில் மேலே இருந்த பெட்டி பின்னேரம் கீழே இறங்கும், கீழே இருந்தது ஏறும். நான் ஆயிரம் பெட்டி தூக்கினேன். நாற்பதுதான் என்று சிலர் சொல்லுவார்கள், அவர்கள் தூக்கவில்லை.

அப்போது என் மனைவி பிள்ளைத்தாச்சி. இரத்தம் காணாது, நாளாந்தம் கீரை கொடுக்காவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்தையில் கீரை இல்லை. எங்கள் பெட்டிகளை விட்டால் வேறு வழியில்லை.

அண்ணர் ஊருக்குப் போயிருந்த கிழமை, ஒரு கௌபியைக் கிளப்பிப் பார்த்தேன். வேர் முழுக்கக் குட்டிக் குட்டி முண்டுகள். விவசாயம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பார்த்த உடனே வேர்நோய் என்று பிடித்துவிட்டேன். கீரைக்குப் பரவ முதல் அத்தனை கௌபியையும் வேரோடு பிடுங்கி எரித்தேன். ஏணி வைத்து ஏற வேண்டிய உச்சித்தட்டில் இரண்டு பெட்டிகள் மட்டும் தப்பின.

இரண்டு கிழமையில் கீரை மஞ்சளாகிப் படுத்தது. "உங்கட வாயில வளருற கீரை இருந்தாக் கொண்டு வாங்கோ" என்றாள் மனைவி. சிரித்துத்தான் சொன்னாள். முகம் வெளிறியிருந்தது.

அண்ணர் திரும்பி வந்து உச்சித்தட்டுக்கு ஏறினார். அந்த இரண்டு பெட்டிகளும் கரும்பச்சை. ஒரு வேரை எடுத்து முண்டை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே சிவப்பு.

"இது நோயில்லையடா தம்பி. கீரைக்குப் பசளை. சாவடியில மறிக்க ஏலாத யூரியா."

"எனக்கு முதலே சந்தேகம் இருந்தது அண்ணை."

"ஓமோம், எரிச்ச பிறகுதானே?"

அன்றே புதிதாக விதைத்தார். முளைத்து வரும்வரை அந்த இரண்டு பெட்டிக் கீரையில் தன் வீட்டுக்கு ஓர் இலை எடுக்கவில்லை. தினமும் எங்கள் குசினி வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். முதல் நாள் மனைவி கேட்டாள், "மற்றப் பெட்டியளுக்கு என்னண்ணை நடந்தது?" நான் சுவரைப் பார்த்தேன்.

"என்ர பிழை தங்கச்சி. மாத்தி அடுக்கிப்போட்டன், வெயில் காணாமப் போச்சு."

மகள் சுகமாகப் பிறந்தாள். அதன்பிறகு அண்ணர் வரும்போதெல்லாம் மனைவி, "கீரையைக் கொன்ற அண்ணை வாறார்" என்பாள். அவர் என்னைப் பார்க்காமலே சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்னும் இரண்டு கதை கூட்டியும் சொன்னேன்.

நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அவர் இருக்கேக்க சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அண்ணரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பிழையைத்தான். அது என்னுடையது. மலரைப் படிக்கிறவர்கள் அவர் பேரில் இருந்து அதை அழித்துவிடுங்கள்.