வெள்ளிக்கிழமை கண்டிப்பா வாங்க

ஓசூரில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில், கேமரா போனை கேட்டுக்கு உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஆசைப்பட்டு வாங்கிய போன். ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதைத் துடைத்து டிவி மேல் வைத்துவிட்டுப் போவார். எனக்கென்று போன் கிடையாது. அவருடையது அடித்தால் எடுத்துப் பேசுவேன், மெசேஜ் வந்தால் படிப்பேன். அதில் எங்களுக்குள் ஒளிவுமறைவு இருந்ததில்லை, அந்த மெசேஜ் வரும் வரைக்கும்.

பொங்கல் கழிந்திருந்தது. துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், போன் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "உங்களைப் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு. உங்களுக்காக ஸ்பெஷலா எடுத்து வெச்சிருக்கு. வெள்ளிக்கிழமை கண்டிப்பா வாங்க."

கீழே பெயர் இல்லை. அனுப்பியவர் நம்பர் வரவேண்டிய இடத்தில் ஏதோ நாலைந்து எழுத்து மட்டும். எவளோ தன் பெயரைச் சுருக்கிப் போட்டிருக்கிறாள். அதுவும் வெள்ளிக்கிழமையாம்! அவர் கம்பெனிக்கு வார லீவே வெள்ளிக்கிழமைதான். அதுவரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாளே பாவி என்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், திட்டுவதற்கு மட்டும் கன்னடம் பேசுகிறவர் அவர். படித்துவிட்டுக் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் போனை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யாருங்க இது?"

"மாத்தி வந்துருக்கும்டி. எவனுக்கோ வேற சோலி இல்ல." அவர் மதுரைப் பக்கம்.

"எவனுக்கோவா, எவளுக்கோவா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவரை வாசல் தாண்ட விடவில்லை. பால் வாங்கக்கூட நானே போனேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிபார்மோடு இறங்கும் பெண்களையெல்லாம் ஏற இறங்கப் பார்த்தேன். இவளாக இருக்குமா? அவளாக இருக்குமா? சம்பாதிக்கிறவள், சொந்தமாகப் போன் வைத்திருக்கிறவள், நகத்துக்குப் பாலீஷ் போட்டிருப்பாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கெலமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதா, இருந்து பார்ப்பதா? எந்நேரமும் அதே யோசனை. சாம்பாரில் ரெண்டு தரம் உப்புப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதுவும் சந்தேகமாக இருந்தது.

சில வாரம் கழித்து இன்னொன்று வந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பாய்வதற்குள் இடது கையால் போனை எடுத்துவிட்டார். படித்தவர் முகம் மாறிவிட்டது.

"எவன்டி இவன்?"

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கு" என்று இருந்தது. அன்றைக்கு என் பிறந்தநாள். காலையிலிருந்து அவராகச் சொல்வார், சொல்வார் என்று பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"உம் பொறந்தநாளு எனக்கே ஞாபகமில்ல. எவனோ ஒருத்தன் என் போனுக்கே அனுப்புறான்னா என்னா தெகிரியம்!"

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். அவர் வயிறும் எரிகிறது என்று தெரிந்தபோது எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நல்லா எரியட்டும்! பிறகுதான் போனை வாங்கிப் பார்த்தேன். அனுப்பியது அதே நாலைந்து எழுத்து. இந்தத் தடவை கடைசி வரியில் பெயரும் போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜவுளிக்கடை.

தீபாவளிக்கு அங்கேதான் புடவை எடுத்தோம். வாஷிங் மெஷின் குலுக்கல் என்று ஒரு கூப்பன் கொடுத்தார்கள். என் பெயர், என் பிறந்த தேதி, போனுக்கு அவர் நம்பர். எழுதிப் பெட்டியில் போட்டது நானேதான். அப்படியென்றால் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை என்று ஏங்கியதும் என்னைத்தான். இத்தனை நாளும் நான் என்னைப் பார்த்தே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

சாயங்காலமே ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெண்ணை ஒரு பிடி பிடித்தேன்.

"குலுக்கலுக்குன்னுதானே நம்பர் குடுத்தோம்? மெசேஜ் அனுப்பட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"தப்புதான்க்கா. நெறைய வூட்ல சண்டயாயிடுச்சி. இனிமேட்டு கேட்டுத்தான் அனுப்பணும்னு மொதலாளி சொல்லிட்டாரு. உங்களுக்கு வரட்டுமா, வேணாமா?"

கேட்டது என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. போன் அவருடையதாயிற்றே.

"ஒண்ணும் வேணாம். பொறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல நான் இருக்கேன்ல, கடைக்காரன் எதுக்கு?" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு எதிரில் அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வேணாம்னே போட்டுக்கோ" என்று நானும் சொன்னேன். பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அதே நாள். காலை ஷிப்ட். போனைத் துடைத்து டிவி மேல் வைத்தார். "இன்னைக்கு ஓவர்டைம் இருக்கு, வர லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலைக்கு நடுவில் நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கடைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். என்னோடு அதே நாளில் பிறந்த வேறு எவளோ ஒருத்தி, கேட்டபோது "அனுப்புங்க" என்று வாயைத் திறந்து சொன்னவள், இந்நேரம் அந்த வாழ்த்தைப் படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது.